நான்காம் பத்திக்கு ஒரு திருத்தம்

வல்லினம் மிகும் இடங்களைப் பிள்ளைகள் எப்படியோ கற்றுக்கொண்டுவிடுவார்கள். மிகா இடங்களைக் கற்பிப்பதுதான் கடினம். உடுமலைப்பேட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஓரிடத்தில் ஓர் எழுத்து வர வேண்டும் என்று தெரிந்திருப்பது அறிவு. வரக் கூடாது என்று தெரிந்து கையை அடக்கிக்கொள்வது ஒழுக்கம்.

ஐயா, எங்கள் தொழிற்சாலைத் தீ விபத்தைப் பற்றிய தங்கள் விசாரணை அறிக்கையின் படி ஒன்று சென்ற வாரம் எனக்குக் கிடைத்தது. பன்னிரண்டு பக்கங்கள். அவற்றில் உள்ள எழுத்துப் பிழைகளை ஓரத்தில் குறித்திருக்கிறேன். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நான்காம் பத்தியில் இருப்பது எழுத்துப் பிழை அன்று, பொருட்பிழை. அதைத் திருத்துவதற்காகவே இதை என் கைப்பட எழுதுகிறேன். தட்டச்சு செய்பவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தங்கள் அறிக்கையே சான்று.

நான்காம் பத்தி இவ்வாறு சொல்கிறது: கலவை அறையில் மின்பணியாளர் இசக்கிமுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது சுவிட்சில் எச்சரிக்கை அட்டை மாட்டப்பட்டிருக்கவில்லை. அத்தொழிற்சாலையில் அட்டை மாட்டும் முறை பெயரளவில் மட்டுமே இருந்தது. ஆகவே கலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் ரோஸ்மேரி கவனக்குறைவாகச் சுவிட்சைப் போட்டதில் தீப்பிடித்து இசக்கிமுத்து இறந்தார்.

ரோஸ்மேரி இப்போது பிணையில் இருக்கிறாள். அடுத்த மாதம் வழக்கு எடுக்கப்படுகிறது. அவளுக்குத் தண்டனை உறுதி என்று எங்கள் பக்கத்து வழக்கறிஞரே சொல்கிறார். அது ஒரு புறம் இருக்கட்டும். "பெயரளவில் மட்டுமே இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தொடர்தான் ஒரு வாரமாக என் தொண்டையில் சோறு இறங்கவிடாமல் நிற்கிறது. அந்த முறையை உருவாக்கியவள் நான். அது பெயரளவில் இருக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான்.

தொழிற்சாலை என் தம்பி மகன் தரணீதரனுடையது. பனியன் துணியில் படம் அச்சிடும் பிரிண்டிங் யூனிட். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆன பிறகு, இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில், அவன் என்னைத் தேடி வந்தான்.

"அத்தைங்க, சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் வந்தா மெசினப் பாக்கறதில்லீங்க, பேப்பரத்தான் பாக்கறாங்க. நீங்க வந்து சும்மா உக்காந்தாப் போதும். பேப்பரு தானா நேரா நிக்கும்."

சும்மா உட்காருவது எனக்குப் பழக்கமில்லை. நான் போன அன்று வருகைப் பதிவேட்டில் ஒருவர் பெயரே நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் நேர்செய்தேன். தொழிலாளர்கள் என்னை டீச்சர் என்றே அழைத்தார்கள். நான் பேசும் தமிழைக் கேட்டுச் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் எனக்குத் தெரியும். நான் வீட்டில்கூட 'ஊடு' என்று சொன்னவள் அல்லேன். அவர்களுக்காக மாற்றிக்கொள்ளவும் இல்லை.

பழுது பார்க்கும் வேலைக்கு மூன்று விதிகளை எழுதினேன். பழுது பார்ப்பவர் சுவிட்சை நிறுத்தி, அதில் தம் கையால் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். அட்டை இருக்கும் சுவிட்சை எவரும் போடக் கூடாது. மாட்டியவரே அட்டையைக் கழற்ற வேண்டும். ஒரு சிறு குழந்தைக்கும் புரியும். அந்த விதிகளை எழுத எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று; சொற்களைக் குறைப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

இனி கலவை அறை. அச்சிடும் சாயத்தை அங்கேதான் கலக்குவார்கள். தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் எல்லாம் அங்கே தொட்டியில் திறந்து கிடக்கும். அவற்றின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி விழுந்தால் அறை முழுவதும் பற்றும். அங்கே மேலே ஓர் இரும்புத் தண்டவாளம் உண்டு. அதில் ஹாய்ஸ்ட் என்னும் தூக்கி இங்கும் அங்கும் ஓடிப் பீப்பாய்களைத் தூக்கித் தொட்டியில் சாய்க்கும். அதன் மோட்டாரும் மின் இணைப்புப் பெட்டியும் தீப்பொறியை வெளியே விடாத கனமான வார்ப்பிரும்புப் பெட்டிகளில் இருந்தன. எஃப்.எல்.பி. பெட்டி என்பார்கள். இவற்றையெல்லாம் எனக்கு விளக்கியவர் இசக்கிமுத்துதான்.

அவர் வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். நாற்பத்திரண்டு வயது. வேலையில் அவரைக் குறை சொல்ல இயலாது. ஒரு முறை என்னைக் கலவை அறை வாசலில் நிறுத்தி மேலே காட்டினார்.

"நிக்கிற மோட்டாருக்கு எவன் வேணாலும் வயர் போட்டுருவான் டீச்சர். இது ஓடுத மோட்டார். கூடவே வயரும் ஓடணும். ஒரு நாளைக்கு முன்னூறு தடவ மடங்கி நிமிருது பாத்துக்கிடுங்க. மெத்துன்னு இருக்க ரப்பர் வயருதான் தாங்கும். வயரோட பாரம் முனையில விழக்கூடாதுன்னுதான் நடுவுல நடுவுல கொக்கி போட்டுத் தொங்க விட்டிருக்கேன். இந்தா, வயரு பெட்டிக்குள்ள நுழையுத எடம் இருக்கில்லா, அங்க ஒரு முடி போகக்கூட சந்து இருக்கக் கூடாது. உள்ள பொறி பறக்கத்தான் செய்யும். பறந்தா உள்ளயே செத்துரணும்."

அந்த இடத்தில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் பித்தளை மூடிக்கு கிளாண்டு என்று பெயர். நான் அதை உடனே புரிந்துகொண்டேன். நிலைமொழியும் வருமொழியும் சேரும் இடத்தில் வர வேண்டிய ஒற்று வராவிட்டால், இரண்டு சொற்களும் தனித்தனியே சரியாக இருந்தும் தொடர் கெட்டுவிடும். அதை அவரிடம் சொன்னேன்.

"அப்பம் இந்தக் கிளாண்டுதான் இக்கு, இச்சு எல்லாம்னு சொல்லுங்க" என்று சிரித்தார். "நீங்க கரண்ட் வேலைக்கு வந்திருக்கணும் டீச்சர்."

அவர் என்னோடு நட்பாக இருக்க விரும்பினார் என்பதை இப்போது உணர்கிறேன். அப்போது அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் அட்டைகள் சகிக்க இயலாதவையாக இருந்தன. முதல் அட்டையை எனக்கு நினைவிருக்கிறது: "மேல வேல நடக்குது சுவிச்ச போடாத". ஐந்து சொல்லில் ஏழு பிழை என்றால் நம்பமாட்டீர்கள். எண்ணிக் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். அடுத்ததும் அப்படியே. ஓர் ஆண்டு பொறுத்தேன். பிறகு விதிகளுக்கு ஒரு துணைவிதி சேர்த்தேன்: பிழையுள்ள அட்டையை நிர்வாகப் பொறுப்பாளர் திருத்தத்திற்காகக் கழற்றலாம். நிர்வாகப் பொறுப்பாளர் என்பது நான்.

அன்றைக்கு அவர் என் அறைக்கு வந்தார்.

"டீச்சர், அட்ட மாட்டுதது உசுருக்கு. கொம்பு இருக்கா, காலு இருக்கான்னு பாக்குததுக்கு இல்ல. நான் கீழ எறங்கி வந்த பெறவு திருத்துங்க. ரெண்டு அடி வேணாலும் அடிங்க, வாங்கிக்கிடுதேன். நான் மேல நிக்கையில அதைக் கழத்தாதீங்க."

"நான் சுவிட்சின் அருகிலேயே நின்று திருத்துவேன். உங்களுக்கு என்ன ஆபத்து?"

"உங்களுக்கு ஒரு போன் வரும். திரும்பிப் பாப்பீங்க. அவ்வளவுதான் வேணும்."

சுவிட்சைப் பூட்டி வைக்க ஒரு பூட்டு வேண்டும் என்றும் கேட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னேன். "பூட்டு ஒன்று வாங்கி தரவும்" என்று எழுதினார். 'வாங்கித் தரவும்' என்று எழுதி வரச் சொல்லித் திருப்பினேன். இரண்டாம் முறை அதைத் திருத்திவிட்டு வேறு இரண்டு பிழைகளோடு வந்தார். மூன்றாம் முறை அவர் வரவே இல்லை. கோப்பில் அந்த இரண்டு விண்ணப்பங்களும் இருக்கின்றன, தாங்கள் பார்க்கலாம். பூட்டு வாங்கப்படாததற்கு நான் காரணம் அல்லேன். விண்ணப்பம் முடிவு பெறவில்லை.

துணைவிதியின்படி ஒன்பது முறை அட்டையைக் கழற்றியிருக்கிறேன். ஒன்பது முறையும் சொன்னபடியே சுவிட்சை மறைத்து நின்று, சுவரில் வைத்துத் திருத்தி, அங்கேயே மாட்டிவிட்டேன். என் முறை பெயரளவில் இருந்ததா என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

ஆனி மாதத்தில் குருசாமிக்கு விரல்கள் வெந்தன. அவன் உள்ளூர்க்காரன், அச்சு மேசையில் வேலை செய்பவன். மின் அலமாரிக்கு முன்னால் ஒரு கதவும் பின்னால் ஒரு கதவும் உண்டு. அதன் மேல் நான் எழுதிக் கொடுத்த பலகை இருந்தது: "மின்சாரத்தை நிறுத்திப் பின் கதவைத் திறக்கவும்." குருசாமி மின்சாரத்தை நிறுத்தாமல் முன்கதவைத் திறந்து கையை உள்ளே விட்டிருக்கிறான்.

அந்த வாரமே ஜெர்மனியிலிருந்து பையர் அனுப்பிய பெண் அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். உடன் ஒரு மொழிபெயர்ப்பாளர். குருசாமியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் காரணம் கேட்டார்.

"போர்டுல பின் கதவுக்குத்தானுங்க நிறுத்தோணும்னு போட்டிருக்குது" என்றான் குருசாமி. "நான் முன் கதவத்தானுங்க தொறந்தேன்."

பின்கதவு என்று சேர்த்து எழுதினால்தான் பின்பக்கத்துக் கதவு. பிரித்து எழுதினால் 'நிறுத்தி, அதன் பின்' என்று பொருள். இதை நான் சொல்ல வாய் திறப்பதற்குள் இசக்கிமுத்து முன்னால் வந்தார்.

"அவன் மேல தப்பில்ல. போர்டு அப்பிடித்தான சொல்லுது. பின் கதவுன்னா கரண்ட நிப்பாட்டு, முன் கதவுன்னா ஒன் பாடு ஒன் சாமி பாடு."

நாற்பது பேர் சிரித்தார்கள். தரணீதரன் சிரித்தான். மொழிபெயர்ப்பாளர் அதை அந்தப் பெண்மணிக்குச் சொல்ல, அவரும் சிரித்தார். முப்பத்து நான்கு ஆண்டு என் வகுப்பில் ஒரு பென்சில் விழுந்தால் கேட்கும். அன்று நான் எழுதிய ஒரு வாக்கியம் தமிழ் அறியாத ஒருவருக்குக்கூட வேடிக்கையாயிற்று.

இசக்கிமுத்து என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நிறுத்திய பிறகுன்னு போட்டிருந்தா வம்பே இல்ல டீச்சர். பரவால்ல விடுங்க. நானும் அட்டையில நெறைய தப்பு விடுதவன்தான."

என் வாழ்நாளில் என் எழுத்தைப் பார்த்து எவரும் பரவாயில்லை என்று சொன்னதில்லை. சிரிப்பை நான் மன்னித்திருக்கக்கூடும். அந்தச் சொல்லை மன்னிக்க என்னால் இயலவில்லை. காற்புள்ளியைப் பெயின்டர் விட்டுவிட்டார் என்று தரணீதரனிடம் கூறினேன். என் கைப்பிரதியை அன்று மாலை எடுத்துப் பார்த்தேன். அதிலும் காற்புள்ளி இல்லை. பிரதியைக் கிழித்துவிட்டேன்.

மறுநாள் என் பலகை இறக்கப்பட்டது. அதன் இடத்தில் இசக்கிமுத்து சொன்ன வாக்கியத்தை, சாண் உயர எழுத்தில், சிவப்பில் எழுதினார்கள்: "கதவ தொறக்கும் முன்ன கரண்ட நிப்பாட்டு". ஐந்து சொற்கள். ஐந்தும் பிழை. அது என் அறைக்கு நேர் எதிரே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். திருத்த வேண்டும் என்று தரணீதரனிடம் மூன்று முறை கேட்டேன்.

"அது எல்லாத்துக்கும் புரியுதுங்களே அத்தை. அப்பறம் என்னுங்க" என்றான்.

அதன் பிறகு எவரும் கதவைத் தவறாகத் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் உண்மையை மறைப்பவள் அல்லேன்.

நான்கு மாதங்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு மாதங்களில் நான் எவரிடமும் குரல் உயர்த்தவில்லை. பதிவேடுகள் எப்போதும்போல் இருந்தன.

ஐப்பசி மாதம். தீபாவளிக்கு முந்தைய வாரம். ஏற்றுமதிச் சரக்கு நெருக்கடி. மழை விடாமல் பெய்ததால் கலவை அறையின் வெளிப்புறக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஹாய்ஸ்டின் கம்பியில் கிளாண்டு ஓரமாக ரப்பர் வெடித்திருப்பதை இசக்கிமுத்து காலையில் கண்டார். அன்றே மாற்றியாக வேண்டும் என்றார். பீப்பாய்களை வெளியே உருட்டினார்கள். தொட்டியில் பாதிக் கலவை இருந்தது. அதை இறைத்து வெளியேற்ற நேரமில்லை என்று தரணீதரன் சொல்லிவிட்டான். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபேனும் ஹாய்ஸ்டும் ஒரே சுவிட்சில் இருந்தன. அது தவறு என்று இசக்கிமுத்து முன்பே பலமுறை கூறியிருக்கிறார். அந்தச் சுவிட்சை நிறுத்தினால் ஃபேனும் நின்றுவிடும்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு என் அறையைக் கடந்தார். வாசலில் நின்றார்.

"டீச்சர், மேல ஏறப் போறேன். அரை மணி நேர வேலை. அட்ட மாட்டியாச்சு." பிறகு சிரித்தார். "இன்னைக்கு அட்டையப் போயிப் பாருங்க டீச்சர்."

அதே சிரிப்பு. எதிரே அந்தச் சிவப்புப் பலகை. என்னைச் சீண்டுவதற்காக எதையோ எழுதி மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் போன பிறகு பத்து நிமிடம் பதிவேட்டில் கையெழுத்துகளைச் சரிபார்த்தேன். பிறகு எழுந்து வெளியே நடைவழிக்குப் போனேன். சுவிட்சு அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கலவை அறையின் உள்ளே தெரியாது. அட்டை மாட்டியிருந்தது. அதைக் கழற்றினேன். பிழை திருத்துவதற்காக.

பத்தாம் முறையாகக் கழற்றினேன். இந்த முறை அங்கே நிற்கவில்லை. அட்டையை என் மேசைக்குக் கொண்டுவந்தேன். வெளிச்சம் போதவில்லை என்று அப்போது எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது மழைநாள், அதனால் அந்தக் காரணம் பொய்யும் அன்று.

ஃபேன் நின்றால் இருபது நிமிடத்தில் வாடை அச்சு மேசை வரை வந்துவிடும். வந்தால் கலவைப் பிரிவிலிருந்து யாராவது கேட்க வருவார்கள். இவை எனக்குத் தெரிந்த செய்திகள். அந்தத் தொழிற்சாலையில் எது எப்போது நடக்கும் என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

மூன்று இருபத்தைந்துக்கு ரோஸ்மேரி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். விதியை மதிப்பவள், என்னிடம் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டாள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"டீச்சர், ஃபேன் ஓடல. வாடை டேபிள் வரைக்கும் வந்துட்டு. கண்ணு எரியுதுன்னு பிள்ளைங்க சொல்லுதாங்க. சுவிட்சப் போட்டுரட்டா?"

"சுவிட்சில் அட்டை இருக்கிறதா?"

"இல்ல டீச்சர். பாத்துட்டுத்தான் வாரேன். இசக்கி அண்ணன் வேலைய முடிச்சிட்டாவளோ?"

"விதி என்ன சொல்கிறது?"

"அட்டை இருந்தா போடக் கூடாது."

"இல்லாவிட்டால்?"

"போடலாம்."

"அப்படியானால் என்னிடம் எதற்குக் கேட்கிறாய்?"

"இல்ல டீச்சர், ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு." அவள் கொஞ்சம் நாணிச் சிரித்தாள். விதியை மறந்ததற்காக நான் கடிந்துகொண்டேன் என்று நினைத்துவிட்டாள். "கோவிச்சுக்கிடாதீங்க."

அட்டை என் இடக்கைக்கு அடியில் இருந்தது. வலக்கையில் பேனா மூடி திறந்திருந்தது. அவள் நடையில் போகும் ஒலி கேட்டது. சுவிட்சு வரை பதினான்கு அடி தூரம். அழைத்திருந்தால் கேட்டிருக்கும்.

வெடிச் சத்தம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது அத்தனை பெரிய ஒலி அன்று. கனத்த கதவு ஒன்றைக் காற்று அறைந்து சாத்தியதுபோல் இருந்தது. பெட்டி மேலே திறந்திருந்தது. கம்பி முனைகள் அவர் கையில் இருந்தன. பொறி கீழே தொட்டியில் விழுந்தது. மற்றவற்றைத் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியில் பிழை இல்லை.

அவர் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். "அட்ட மாட்டிட்டுத்தான் ஏறுனேன்" என்று மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சொன்னதாகவும், அது நினைவு தவறிய நிலையில் பேசியது என்றும் ஆறாம் பத்தி கூறுகிறது. அவருக்கு நினைவு தவறவில்லை. அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

தீப்பிடித்த அன்று மாலை தரணீதரன் வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"அத்தைங்க, போலீசு வந்து கேட்டா, அட்டையப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிப் போடுங்க. போதும்."

"தெரியாது என்று சொல்லமாட்டேன். கேட்பதற்கு விடை சொல்வேன்."

அவர்கள் கேட்டார்கள். "அந்தப் பொண்ணு சுவிட்சு போடும்போது அட்டை இருந்துச்சுங்களா?" என்றார் காவல் ஆய்வாளர். இல்லை என்றேன். போடும்போது இல்லைதான். அதற்கு முன் இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு உங்ககிட்டக் கேட்டதாச் சொல்லுதுங்களே?" என்றார். கேட்டாள், அட்டை இருக்கிறதா என்று நான் வினவினேன், இல்லை என்றாள், விதியைச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வினாவைச் சரியாக அமைக்கத் தெரியாதவர்களுக்கு விடை கிடைக்காது.

பிணையில் வந்த பிறகு ரோஸ்மேரி ஒருமுறை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. நான் உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான போட்டேன். போடுன்னு நீங்க சொன்னீங்கல்லா?"

"சொல்லவில்லை" என்றேன். "நான் வினா மட்டுமே கேட்டேன். நினைத்துப் பார்."

அவள் நினைத்துப் பார்த்தாள். அங்கேயே நின்றபடி, உதடு அசைய, அன்றைய பேச்சை ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஆமா டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். நல்ல பெண். ஆயினும் அவளுக்காக இதை நான் எழுதவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் அந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் இருந்திருந்தால், அவள் சிறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்திருப்பேன்.

ஆகவே நான்காம் பத்தியைப் பின்வருமாறு திருத்த வேண்டுகிறேன். அட்டை விதிப்படி மாட்டப்பட்டிருந்தது. நிர்வாகப் பொறுப்பாளர் தெய்வாத்தாள் அதைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டார். மேலே ஆள் இருப்பது அவருக்குத் தெரியும். சுவிட்சைப் போட வந்தவரை அவர் தடுக்கவில்லை. ஒழுங்குமுறையில் எக்குறையும் இல்லை.

அட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன். இத்தனை நாள் என் அகராதிக்குள் இருந்தது. அதன் மேல் சிவப்பு மை படவில்லை என்பதைத் தாங்கள் கவனிப்பீர்கள். அதைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும்.

இசக்கிமுத்துவின் கருவிப் பெட்டியைக் காவல் நிலையத்தில் என்னிடம் காட்டினார்கள். அதில் ஒரு கம்பியில் கோத்த அட்டைகள் இருந்தன. மூன்று ஆண்டுகளில் நான் திருத்திக் கொடுத்த அத்தனையும். ஒவ்வொன்றுக்கும் பின்புறம், என் திருத்தத்தைப் பார்த்து, அதே வாக்கியத்தை அவர் பத்துப் பத்து முறை எழுதிப் பார்த்திருந்தார். இது என்னவென்று ஆய்வாளர் கேட்டார். வீட்டுப்பாடம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கடைசி அட்டையில் இருப்பது இது: "மேலே வேலை நடக்கிறது. சுவிட்சைப் போடக் கூடாது. இசக்கிமுத்து." மேசையில் வைத்துக் கால் மணி நேரம் பார்த்தேன். 'சுவிட்சை' என்பதற்குப் பின் ப் வந்திருந்தது. 'போட' என்பதற்குப் பின் க் வந்திருந்தது. 'கூடாது' என்பதைச் சேர்த்து எழுதியிருக்கலாமோ என்று யோசித்தேன்; பிரித்து எழுதினாலும் பிழையாகாது. இரண்டு வாக்கியங்களுக்கும் முற்றுப்புள்ளி இருந்தது. எங்கேயாவது ஒன்று இருக்கும் என்று எழுத்து எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ரோஸ்மேரி வந்தாள்.

ஒரே ஒரு பிழை கிடைத்திருந்தாலும், அதைத் திருத்தி அக்கணமே கொண்டுபோய் மாட்டியிருப்பேன்.